ஒரு ஓலைப்பெட்டி கரி

காலக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்கம்மா. அந்த வட்டத் தட்டு மேல மிதிச்சிராதீங்க, ஒடஞ்சா இங்க எங்கயும் கெடைக்காது. துப்பாக்கி இல்ல, பயப்படாதீங்க. கொசு மருந்து அடிக்கிறதும் இல்ல. போன வாரம் இதே பஸ்ல ஒருத்தன், "எக்கா, எங்க தெருவுக்கும் வந்து அடிச்சிட்டுப் போங்க"ங்கான். நான் முப்பத்திமூணு வருசம் டிரில் டீச்சரா இருந்தவ. கையில விசில் மட்டும் இருந்திருந்தா அவன பஸ்ஸுக்குப் பின்னாலயே ஓடி வர வச்சிருப்பேன்.

இது மண்ணுக்குள்ள கெடக்கிற உலோகத்தக் காட்டிக் குடுக்கிற மிஷின். காதுல இத மாட்டிக்கிட்டு, தட்ட மண்ணுக்கு மேல ஆட்டிக்கிட்டே நடக்கணும். அடியில ஏதாவது இருந்தா சத்தம் குடுக்கும். திங்கக்கிழம திங்கக்கிழம திருச்செந்தூர் கடக்கரைக்குப் போவேன். ஞாயித்துக்கிழம கூட்டம் குளிச்சிட்டுப் போவும்லா, மோதிரம், மெட்டி, தோடு எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். நூறு தடவ சத்தம் வந்தா தொண்ணூறு தடவ சோடா மூடி. மிச்சம் ஊக்கு. இதுல என்ன சந்தோசம்னு கேக்கீங்க. ஊருல எல்லாரும் அதத்தான் கேக்காவ. சொன்னாப் புரியாது.

பழக்கி விட்டது ஒரு வெள்ளக்காரக் கெழவர். எம் மக பிரசவத்துக்குன்னு இங்கிலாந்துல ஒரு கடக்கர ஊருல ஆறு மாசம் இருந்தேன். பிள்ள தூங்கிட்டா எனக்குப் பேச நாதி கெடையாது. இந்த ஆளு தெனமும் காலையில மிஷின வச்சுக்கிட்டுக் கடக்கரையில நடப்பாரு. டெரிக்னு பேரு. நானும் கூடவே நடந்தேன். அவரு பேசுன இங்கிலீஷு எனக்குப் பாதி வெளங்கல, நான் பேசுனது அவருக்கு முழுசா வெளங்கிருக்காது. ஆனா ஒத்துப் போச்சு. கெளம்பும்போது தன்னோட பழைய மிஷின எனக்கே குடுத்துட்டாரு. குடுக்கும்போது ரெண்டே ரெண்டு விதி சொன்னாரு. ஒண்ணு, தோண்டுன குழிய மூடணும், தோண்டுன தடமே தெரியக் கூடாது. ரெண்டாவது, உடையவங்க யாருன்னு தெரிஞ்சா பொருளக் குடுத்துரணும்.

குழி மூடுறதுல என்ன அடிச்சுக்க ஆள் கெடையாது. புல்லு இருந்தா கத்தியால மூணு பக்கம் கீறி, மூடி மாதிரித் தொறந்து வச்சுக்கிடுவேன். மண்ண ஒரு சாக்குல அள்ளி வச்சு, எடுக்க வேண்டியத எடுத்துட்டு, மண்ணத் திரும்பப் போட்டு, புல்ல மூடி, தண்ணி தெளிச்சு மிதிச்சிருவேன். மறுநாள் நானே தேடுனாலும் கண்டுபிடிக்க முடியாது. குடுக்கிறதுலயும் அப்படித்தான். ஒரு நாளு விருதுநகர்ப் பொம்பள ஒருத்தி மூக்குத்தியத் தொலைச்சிட்டு அழுதுக்கிட்டு நின்னா. ரெண்டு மணி நேரம் வெயில்ல நடந்து எடுத்துக் குடுத்தேன். முந்தானையில தொடச்சு மாட்டிக்கிட்டு, "வாங்க, வண்டிக்கு நேரமாச்சு"ன்னு புருசனக் கூட்டிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்த கெடையாது. அவளத் திட்டுததுக்குச் சொல்லல. நான் அடுத்தவங்க பொருளுக்கு ஆசப்படுத ஆள் இல்ல, அதுக்குச் சொல்லுதேன். அத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

நீங்க எந்த ஊரு? பொள்ளாச்சியா? சாமி கும்பிட்டுட்டு இன்னைக்கே திரும்பிருவீங்களா? அப்ப உங்ககிட்ட சொல்லலாம்.

எங்க ஊர்ல பால்துரைன்னு ஒருத்தன் இருக்கான். அவன நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இந்த அறுபது வயசுல ஒரு ஆளு மேல இவ்வளவு கோவம் எனக்கு வந்ததே கெடையாது. எங்க வீட்டுக்காரவிய உசுரோட இருந்தப்ப அவிய மேலகூட வந்ததில்ல.

ஆதியிலருந்து சொல்லுதேன். எங்க ஊரு கொம்பன்விளை. எங்க அப்பா அணைஞ்சபெருமாள் வாத்தியார். குரும்பூர் வரைக்கும் கேட்டுப் பாருங்க, கையெடுத்துக் கும்பிடுவாவ. ஊருல யாருக்கு வரப்புச் சண்ட வந்தாலும் எங்க அப்பாவத்தான் கூப்பிடுவாவ. அளவு கயித்தோட ஒரு முனைய எங்க அப்பா பிடிச்சாவன்னா மறு முனைய யாரு பிடிச்சாலும் கவல இல்லம்பாவ. ஊரு வாசகசாலையில அவிய படம் இருக்கு. செத்து எட்டு வருசம் ஆச்சு, இன்னும் வெள்ளிக்கெழம பூப் போடுதாவ.

எங்களுக்கு ஓடைப்பக்கம் வாழைத்தோட்டம் இருக்கு. அடுத்த தோட்டம் பால்துரைக்கு. ரெண்டும் ஒரே கூட்டுப் பட்டா, உட்பிரிவே பண்ணல. அதனால சர்வேயர் வந்தாலும் தலையச் சொறிஞ்சிட்டுப் போயிருவாரு. நடுவுல கெடக்கிற எல்லைக்கல்லுதான் கணக்கு. எங்க தாத்தாவும் அவன் தாத்தாவும் சேந்து நட்ட கல்லு. அந்தக் காலத்துல எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எல்லை பேசி முடிச்சதும், குழி தோண்டி, முதல்ல ஒரு ஓலைப்பெட்டி அடுப்புக்கரி கொட்டுவாவ. கரி மக்காதுல்லா. அதுக்கு மேல ரெண்டு குடும்பத்துக்காரங்களும் ஆளுக்கு ஒரு இரும்பு போடணும், தன் தொழில்ல தேஞ்சது, ஒடஞ்சது. எங்க தாத்தா உழவு, அதனால கலப்பக் கொழு. அவன் தாத்தா பனையேறி, அதனால பாளை சீவுத அருவா. அதுக்கு மேலதான் கல்லு. கல்ல எவன் வேணும்னாலும் நகட்டிரலாம், அடியில கெடக்கிறது எடத்தச் சொல்லிரும். அதத் தொடுதவன் வெளங்க மாட்டான்னு சத்தியம் பண்ணி மண்ணத் தள்ளுவாவ.

இந்தப் பால்துரை அஞ்சாவது வரைக்கும் என் கூடப் படிச்சவன், எங்க அப்பாகிட்டதான். ரொம்ப அடி வாங்குனவனும் அவன்தான். அவன் தோட்டத்துக்கு வண்டி கெழக்க ஒரு வெளை, அதான் அடுத்தவன் தோட்டம், அது வழியாப் போயிட்டு வரும். அந்த வெளைய வெளியூர்க்காரன் வாங்கி முள்கம்பி போட்டுட்டான். வண்டி போக வழி இல்ல. அறுபத்தொரு வயசுல வாழத்தாரத் தலையில தூக்கிக்கிட்டு ஓடைக்குள்ள எறங்கி ஏறி ரோட்டுக்கு வருவான். பாவம்தான், நான் இல்லன்னு சொல்லல.

போன தை மாசம் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். உள்ள வான்னாலும் வரல.

"டீச்சர், ஒண்ணு சொன்னாக் கோவப்படக் கூடாது"ங்கான்.

"சொல்லு."

"எல்லைக்கல்லு எங்க பக்கமாத் தள்ளி இருக்கு டீச்சர். ஒம்பது அடி இருக்கும். அந்த ஒம்பது அடி இருந்தா ரோட்டுலருந்து எனக்கு வண்டி வந்துரும்."

"கல்லுக்குக் காலு மொளச்சு நடந்து வந்துச்சாக்கும்?"

"தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல கல்லு சாஞ்சுது. வெள்ளம் வடிஞ்சதும் வாத்தியார்தான் நட்டாவ."

பாத்தியளா! எங்க அப்பாவக் கள்ளங்கான். யாரு முன்னால? எம் முன்னால. எங்க வாசல்லயே நின்னுக்கிட்டு. நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. "அப்படீன்னா இந்த முப்பது வருசமா வாயில என்னல வச்சிருந்த? எங்க அப்பா இருக்கும்போது கேட்டிருக்க வேண்டியதுதான?"ன்னு கேட்டேன். அவன் துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சான், போயிட்டான். பதில் இல்லன்னா பொய்யின்னுதான அர்த்தம்? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

எனக்கு மனசு ஆறல. நேரா டீக்கடைக்குப் போயி, இருந்த பத்துப் பதினஞ்சு பேரு முன்னால சொல்லிட்டேன். "எங்கிட்ட மிஷின் இருக்கு. வெள்ளிக்கெழம பத்து மணிக்கு எல்லாரும் வாங்க. கல்லுக்கு அடியில இரும்பு இருந்தா, இவன் எங்க அப்பா படத்துக்கு முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா ஒம்பது அடியையும் நானே எழுதிக் குடுத்துருதேன்." அவன் அங்கதான் பெஞ்சுல இருந்தான். "அவ்வளவெல்லாம் வேண்டாம் டீச்சர்"ன்னான். பயந்துட்டான்னு நெனச்சேன்.

ஒத்திக இல்லாம நான் ஒரு ஸ்போர்ட்ஸ் டே நடத்துனது கெடையாது. அதனால வியாழக்கெழம மத்தியானமே தோட்டத்துக்குப் போனேன். அன்னைக்கு ஊர்ல அம்மன் கோயில் கொடை விழா, எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில இருந்தாவ. கல்லச் சுத்தி மிஷின ஆட்டுனேன். சத்தம் இல்ல. பேட்டரிதான் போயிருச்சோன்னு மோதிரத்தக் கழட்டிக் கீழ போட்டுப் பாத்தேன், கத்துச்சு. திரும்பக் கல்லுக்கிட்ட ஆட்டுனேன். ஒரு முனகல் கூட இல்ல. பெரிய இரும்புன்னா ஒன்றரை முழ ஆழம் வரைக்கும் இதுக்குக் கேக்கும்.

சும்மாதான் எங்க பக்கம் திரும்புனேன். சத்தியமா, சும்மாதான். ஒம்பது அடி கூட இருக்காது, எட்டரை இருக்கும். எங்க ரெண்டாவது வாழ வரிசைக்குப் பக்கத்துல மிஷின் கத்துச்சு. காது கிழியுத மாதிரி.

தோண்டுனேன். முதல்ல கொழு வந்துச்சு. அப்புறம் பாளை அருவா, பாதி ஒடஞ்சது. அதுக்குக் கீழ மண்ணு கருப்பா இருந்துச்சு. கரிம்மா. நேத்து அடுப்புலருந்து அள்ளிப் போட்ட மாதிரி கெடக்கு.

இப்ப நீங்க என்ன நெனைக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அப்படி நெனைக்காதீங்க. வெள்ளம் வந்துச்சுல்லா? எருமையவே இழுத்துட்டுப் போன வெள்ளம், கல்ல இழுக்காதா? எங்க அப்பா வடிஞ்சப்புறம் வந்து பாத்திருப்பாவ, கல்லு கெடந்த எடத்துலயே நிமித்தி வச்சிருப்பாவ. சரியா ஒம்பது அடிதான் இழுக்குமா, நேர்கோட்டுலதான் இழுக்குமான்னு கேட்டா, வெள்ளத்தப் போயிக் கேளுங்க. எனக்குத் தெரியாது. எங்க அப்பா கள்ளம் பண்ண மாட்டாவ. அவ்வளவுதான்.

ஆனா ஊருக்கு இதச் சொன்னா ஊரு நம்புமா? படத்தக் கழட்டிருவாவல்லா. அவிய நிறுத்தி வச்ச ஒவ்வொரு வரப்பையும் திரும்ப அளக்கணும்னு ஆளாளுக்குக் கெளம்பிருவாவ. வெள்ளம் செஞ்ச காரியத்துக்கு எங்க அப்பா பேரு கெடணுமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

கொழுவையும் அருவாளையும் எடுத்தேன். அந்தக் குழிய மூடுனேன். கல்லுக்குப் பக்கத்துல புல்லக் கீறி, சரிவாத் தோண்டி, கல்லுக்கு அடியில ரெண்டையும் தள்ளி, மண்ணு போட்டு, புல்ல மூடி, ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி மிதிச்சேன். டெரிக் பாத்திருந்தா தட்டிக் குடுத்திருப்பாரு. அவ்வளவு சுத்தம். அவரு சொன்ன முதல் விதிய நான் என்னைக்கும் மீறுனது கெடையாது.

வெள்ளிக்கெழம பத்து மணிக்கு எல்லாரும் வந்தாவ. பால்துரை வெள்ளச் சட்ட போட்டு வந்திருந்தான். மிஷின் கல்லுக்கிட்ட போனதும் கத்துச்சு, காதுல மாட்டுதத எல்லாரும் வாங்கி வாங்கிக் கேட்டாவ. பஞ்சாயத்து மெம்பர் மம்பட்டி எடுத்து வெட்டுனாரு. கொழு வந்துச்சு. அருவா வந்துச்சு. "வாத்தியார்னா வாத்தியார்தான்யா"ன்னு ஒருத்தர் கண்ணத் தொடச்சாரு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல.

பால்துரை அருவாள வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். அத வச்சிட்டுக் குத்தவச்சு உக்காந்தான். குழிக்குள்ள கைய விட்டுத் துழாவுனான். ஒரு பிடி மண்ண எடுத்து உள்ளங்கையில வச்சுத் தேச்சான். செம்மண்ணு. கருப்பு ஒரு பொட்டு இல்ல.

கரி! நான் கரிய மறந்துட்டேன்மா. மிஷினுக்குக் கரி தெரியாது. மிஷினுக்குத் தெரியாதது எனக்கும் ஞாபகத்துக்கு வரல.

அவன் நிமிந்து என்னப் பாத்தான். கேக்கப் போறான், கேட்டா என்ன சொல்லணும்னு வாயில சண்டைய எடுத்து வச்சுக்கிட்டு நிக்கேன். அவன் எந்திரிச்சான். கையத் தட்டுனான். "சரி டீச்சர். எங்க தாத்தா அருவாதான்"னான்.

நேரா வாசகசாலைக்குப் போனான். செருப்பக் கழட்டிட்டு எங்க அப்பா படத்துக்கு முன்னால கையக் கூப்பி, "வாத்தியாரய்யா, தப்பாப் பேசிட்டேன்"னான். ஊரே பாத்துச்சு.

அதோட போயிருந்தா நான் மறந்திருப்பேன். மறுநாள் காலையில தண்ணி பாய்ச்சப் போறேன், கல்லுக்கிட்ட உக்காந்திருக்கான். பக்கத்துல ஒரு ஓலைப்பெட்டி. பெட்டி நெறைய அடுப்புக்கரி. குழியத் தோண்டிக் கொட்டிக்கிட்டிருக்கான்.

"என்னல செய்த?"ன்னேன்.

"கரி இல்ல கனி. நாளைக்கு வெவரம் தெரிஞ்ச எவனாவது தோண்டிப் பாத்தா?"

எம் பேரு ஆவுடக்கனி. ஸ்கூல்ல வேலைக்குச் சேந்த நாளுலருந்து அவன் என்ன டீச்சர்னுதான் கூப்பிடுவான். அன்னைக்குக் கனின்னான்.

அப்புறம் இரும்ப வச்சான், மண்ணத் தள்ளுனான், கல்ல அசையாம இறுக்குனான். "அவுக கையப் பிடிச்சுத்தான் நான் அனா ஆவன்னா எழுதுனேன். இருக்கும்போதே அவுககிட்ட கேக்கல, போனப்புறம் கேட்டது எந் தப்பு"ன்னான். பெட்டிய உதறித் தலையில கவுத்துக்கிட்டுப் போயிட்டான்.

இதுல எனக்கு ஏன் கோவம்னு கேக்கீங்க. கோவம் வராதா? இவன யாரு கேட்டா? நான் கேட்டேனா, எங்க அப்பா பேர நீ காப்பாத்திக் குடுன்னு? அன்னைக்கே ஊரு முன்னால "இந்தக் கள்ளி இரும்ப மாத்தி வச்சிட்டா"ன்னு கத்தியிருக்கலாம்லா. நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரெண்டு நாளு அழுதிருப்பேன். எல்லாம் முடிஞ்சிருக்கும். இவன் என்ன செஞ்சான்னா, கரியக் கொட்டி என் கள்ளத்தோட அவனும் சேந்துக்கிட்டான். இப்ப நான் யாருகிட்டப் போயிச் சண்ட போட? சொல்லுங்க.

அதுக்கப்புறமும் தெனமும் காலையில தார் சுமந்துக்கிட்டு எங்க தோட்டத்த ஒட்டித்தான் ஓடைக்குள்ள எறங்குவான். என்னப் பாத்தா, கழுத்து ஒடியுத பாரத்தோட நின்னு, "டீச்சர், சாப்ட்டியளா?"ம்பான். ஒரு நாளு பொறுக்க மாட்டாம, "ஏலேய், எங்க தோட்டத்துக்குள்ளயே வண்டிய விட்டுத் தொலை, நான் ஒண்ணும் சொல்லல"ன்னேன். "வேண்டாம் டீச்சர், ஜெயிச்சவுக ஏன் வழி விடுதாவன்னு ஊரு கேக்கும்"னுட்டான். அத யோசிச்சு வச்சிருக்கான் பாருங்க. எவ்வளவு அழுத்தம்!

போன மாசம் மழையில ஓடக்கரையில வழுக்கி விழுந்துட்டான். தலையில தாரோட. இடுப்பெலும்பு போச்சு. வழுக்கும்னு தெரியும்லா? பாத்து நடக்கக் கூடாது? இப்ப அவன் பொண்டாட்டி தார் சுமக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. "ஒங்க அப்பாவப் பேசுன பாவம்தான் டீச்சர், இடுப்புல விழுந்துருச்சு, அவுகள மன்னிச்சிரணும்"னு என் கையப் பிடிச்சு அழுதா. இதுக்கு நான் என்ன சொல்ல? "அழாத, எல்லாம் சரியாப் போவும்"னேன். வேற என்னத்தச் சொல்ல.

ஆமா, திங்கக்கிழமதான் போவேன்னு சொன்னேன். இன்னைக்குப் புதன்தான். நல்லாக் கவனிக்கீங்க. அவன் திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில கெடக்கான். ஊர்ல கடக்கரைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், அதான் மிஷினு. ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு பாருங்க. அந்தக் கைப்பிள்ளக்காரி எறங்கட்டும்.

போயி அவன் மொகத்துக்கு நேரா நின்னு கேக்கப் போறேன். ஏம்ல அன்னைக்கு வாயத் தொறக்கலன்னு. ஒம்பது அடிய எழுதித் தாரேன், ஊருக்கு என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுதேன், வாங்கிக்கன்னு சொல்லப் போறேன். சொல்லிருவேன். ஆனா நான் வாயத் தொறக்குததுக்கு முன்னாலயே அவன், "டீச்சர், சாப்ட்டியளா"ம்பான். படுத்துக்கிட்டே கேப்பான். அப்ப நான்...

அய்ய, விசில் ஊதிட்டான்! பஸ்ஸு கெளம்பிருச்சு. பாத்தியளா? ஒரு ஆளு எறங்கணுமே, உக்காந்திருக்காவளேன்னு ஒரு வார்த்த கேக்கானா? போன ரெண்டு தடவையும் இப்படித்தான், இவன்தான், இதே கண்டக்டர்தான். எங்கிட்டப் படிச்சிருக்கணும் இவன், காதப் பிடிச்சுத் திருகியிருப்பேன்.

விடுங்க. கடக்கரைக்கே போறேன். கால மட்டும் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க.